டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பழைய வீட்டுக் கூரைக்கு 24 வாட் எல்இடி விளக்கு

வெளிச்சத்தில் குறையில்லை, ஒரு படுக்கையறைக்குத் தாராளம். குறையெல்லாம் இணைப்புப் பகுதியில்தான்.

டர்பன் பக்கம் 1960களில் கட்டிய வீடுகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். விளக்கோடு வருவது பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். ஆனால் ஸ்விட்சிலிருந்து திரும்பும் கம்பியும் கறுப்பாக இருக்கலாம். நிறத்தை நம்பி இணைத்தால் ஸ்விட்சைப் போட்டதும் ஷார்ட் ஆகி பிரேக்கர் விழும். மெயினை அணைத்து, இருமுனை டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கழற்றும் முன் படம் எடுங்கள். நியான் ஸ்க்ரூடிரைவர் இதற்குப் போதாது.

கூடவரும் கனெக்டர் சிறியது. 1.5 சதுர மி.மீ. கம்பிகள் மூன்றை ஒரே துளையில் திணித்தால் ஒன்று தளர்ந்து சூடாகும். பெரிய கனெக்டர் தனியே வாங்குங்கள். பழைய குண்டு பல்பின் சூட்டில் கம்பியின் உறை பொரிந்திருந்தால் நல்ல இடம்வரை வெட்டுங்கள். நீளம் போதாவிட்டால் கம்பியையே மாற்றவேண்டும், அது பதிவுபெற்ற எலெக்ட்ரீஷியன் வேலை.

அடித்தட்டு உலோகம், எர்த் கட்டாயம். கூரையில் எர்த் இல்லாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். சதுரத்துக்குள் சதுரம் குறியுள்ள (இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை) பிளாஸ்டிக் விளக்கு பாருங்கள்.

அணைத்தபிறகும் மங்கலாக எரிந்தால் ஸ்விட்சில் உள்ள சிறு நியான் விளக்கு காரணமாக இருக்கலாம். ஸ்விட்ச் நியூட்ரலை வெட்டுகிறதா என்றும் பாருங்கள், அது ஆபத்து.

ஐந்துக்கு மூன்று.