முதல் கூட்டத்துக்கு எங்கே போவது? ஏஏ, மருத்துவமனைக் குழு, ஆன்லைன்: ஓர் ஒப்பீடு

குடியை விட முடிவெடுத்தவருக்குத் தமிழ்நாட்டில் நடைமுறையில் கிடைப்பவை மூன்று: குடியை விட நினைப்பவர்களும் விட்டவர்களும் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏஏ) குழுவின் நேரடிக் கூட்டம், சிகிச்சை தந்த மருத்துவமனை நடத்தும் குழு, ஜூமில் நடக்கும் கூட்டம். எங்கள் தேர்வு, வீட்டுக்குப் பக்கத்தில் சாயங்காலம் தமிழில் நடக்கும் ஏஏ கூட்டம்.

ஆனால் தினமும் நிறையக் குடித்தவருக்கு இந்த மூன்றுமே இரண்டாம் படிதான். திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை ஆள் அடையாளம் தெரியாத குழப்பமும் இல்லாதது தெரிவதும் வந்தால் உயிருக்கே ஆபத்து, 108-ஐ அழையுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர் வீட்டிலிருந்தபடி நிறுத்தவே கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, சில நாள் மருந்தோடு உடம்பைத் தேற்றிய பிறகு கூட்டத்துக்குப் போகலாம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். மருத்துவமனைக் குழுவை உளவியல் ஆலோசகர் நடத்துவார். மாத்திரையின் பக்கவிளைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுவிடலாம். சென்னை அடையாறில் 1980 முதல் இயங்கும் டிடிகே மருத்துவமனை போன்ற இடங்களில் குடும்பத்துக்கும் தனி ஆலோசனை உண்டு. குறை என்னவென்றால், இத்தகைய குழு பெரும்பாலும் அங்கே சிகிச்சை எடுத்தவருக்குத்தான். அதோடு பகலில் நடக்கும். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு கூட்டம் என்றால் ஒரு நாள் சம்பளம் போச்சு. பாதியில் வருகை நின்றுபோக இதுவே காரணமாகலாம், மனசு இல்லாதது அல்ல.

ஏஏ கூட்டம் அநேகமாகச் சாயங்காலத்தில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கும். டாஸ்மாக் இரவு 10 மணி வரை திறந்திருக்கிற ஊரில் இந்த நேரக்கணக்கு சின்ன விஷயம் இல்லை. கைகள் பரபரக்கும் வேளையில், அதே பரபரப்பைத் தாண்டி வந்தவர்கள் நடுவில் உட்கார்ந்திருப்பீர்கள். கட்டணம் கிடையாது, பதிவேடு கிடையாது. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் அதுவே தகுதி. முடிவில் நன்கொடைப் பை ஒன்று சுற்றி வரும். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. முதல்நாள் வாய் திறக்க வேண்டிய அவசியமே இல்லை, 'இன்னைக்குக் கேட்டுட்டுப் போறேன்' என்றால் போதும். மேலைநாட்டு ஆய்வுகள் 27-ஐத் தொகுத்து 2020-இல் வெளியான, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வும், ஏஏவில் சேர்த்துவிடும் சிகிச்சைமுறை, தொடர்ந்து குடிக்காமல் இருக்க உதவுவதில் மற்ற முறைகளைவிடக் கூடுதல் பலன் தருகிறது என்றே கண்டது.

இடம் கண்டுபிடிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஏஏ இந்தியா இணையதளத்தில் கூட்டப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அரங்கம் மாறினால் பட்டியல் உடனே மாறாது. கிளம்பும் முன் தொடர்பு எண்ணில் பேசி நான்கைக் கேளுங்கள்: இன்று கூட்டம் உண்டா, எந்த வாசல், தமிழிலா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. எடுப்பவர் வேலைக்குப் போகும் தன்னார்வலர், அதனால் சாயங்காலம் அழைப்பது நல்லது. நான்காவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தால் அவதிப்படுவோருக்கு மட்டும். துணைக்கு வந்த மனைவி வாசலிலேயே நிற்க நேர்ந்தால், அந்த வீட்டிலிருந்து மறுபடி யாரும் வரமாட்டார்கள். திறந்த கூட்டத்தில் எவரும் உட்காரலாம்.

பல கூட்டங்கள் சர்ச் வளாகத்தில் நடக்கின்றன. அது இடவசதி மட்டுமே, ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. கடவுள் என்று சொல்லும் இடத்தில் அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம். உண்மையான சங்கடம் வேறு. சில மூத்த உறுப்பினர்கள் 'மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடுங்க தம்பி' என்பார்கள். கேட்காதீர்கள். மருந்து விஷயம் மருத்துவருடையது என்பதுதான் ஏஏவின் நிலைப்பாடும். குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிராம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு வாரம் வரைகூடக் குடித்தால் உடம்பு மோசமாக எதிர்வினை காட்டும். இதை அவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுப்பது உயிரோடு விளையாடுவது.

ஜூம் கூட்டம் பெண்களுக்கும், பக்கத்தில் குழுவே இல்லாத ஊர்க்காரருக்கும், வளைகுடாவில் வேலை பார்ப்பவருக்கும் பெரிய வரம். உள்ளே போகும் முன் திரையில் தெரியும் முழுப்பெயரை முதல் பெயராக மாற்றுங்கள், இயர்போன் போட்டுக்கொள்ளுங்கள். கேமராவை அணைத்துவிட்டுக் குடித்தபடியே கேட்கலாம் என்பதுதான் இதன் பலவீனம். முடிந்தவர்கள் வாரம் ஒரு நேரடிக் கூட்டத்தையாவது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு குழு ஒத்துவரவில்லை என்றால் ஏஏவே ஒத்துவராது என்று முடிவு கட்டாதீர்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும். நான்கைந்து இடங்களில் உட்கார்ந்து பாருங்கள். எதுவும் பிடிபடவில்லையா, போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416.

குடிப்பவர் கூட்டத்துக்கு வர மறுத்தால் வீட்டில் இருப்பவர் காத்திருக்க வேண்டாம். அல்-அனான் கூட்டங்கள் குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே 1951 முதல் நடப்பவை. அதில் சேர, அவர் குடியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை.