மனைவிக்கு ஒரு பேனாக்கத்தி: ஒப்பினெலா, கிளாசிக்கா, டிராகன்ஃப்ளையா?

என் மனைவிக்குக் கத்தி புதிது என்று சொன்னால் மாமியாரே சண்டைக்கு வருவார். அரிவாள்மனையில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்துக்கொண்டே கால் கிலோ பீன்ஸை அரிந்து முடிக்கிறவள் அவள். ஆனால் மடக்குக் கத்தி அவளுக்குப் புதிதுதான். அரிவாள்மனையில் அலகு அசையாது, காய்தான் அதை நோக்கிப் போகும். சமையல் கத்தி அசையும், ஆனால் மடங்காது. கையில் இருக்கும்போதே மடங்கி விரல் மேல் விழக்கூடிய ஒரு பொருளோடு அவள் பழகியதே இல்லை. இதை நான் முதலிலேயே யோசித்திருந்தால் ஒரு கத்தியின் விலை மிச்சமாகியிருக்கும்.

அவளுக்கு என்ன தேவை? பள்ளி ஆசிரியை. கைப்பை எப்போதும் நிறைந்திருக்கும். கூரியர் பார்சலை வீட்டுச் சாவியால் கிழிப்பாள், புதுத் துணியில் தொங்கும் விலைச்சீட்டைப் பல்லால் கடித்து எடுப்பாள், மதியம் கொய்யாப்பழத்துக்கு ஸ்டாஃப் ரூமில் கத்தி தேடி அலைவாள். எனக்கோ பேனாக்கத்திகள் மேல் இருபது வருடப் பைத்தியம். இருவருக்கும் நடுவில் ஒரு சிறிய கத்தி இடம்பிடிக்க முடியாதா என்று கிளம்பியதுதான் இந்த ஒப்பீடு. மூன்று கத்திகள் அவள் கையில் மாறி மாறி இருந்தன.

முதலில் வாங்கியது ஒப்பினெல் 6-ஆம் எண். உண்மையைச் சொன்னால் அது எனக்குப் பிடித்ததால் வாங்கியது. பிரான்ஸின் சவ்வா மலைப்பகுதியில் ஜோசஃப் ஒப்பினெல் என்பவர் 1890-இல் செய்யத் தொடங்கிய விவசாயிகளின் கத்தி இது. 1897-இல் 1 முதல் 12 வரை எண் போட்டு அளவுகளைப் பிரித்தார்கள். 6-ஆம் எண்ணின் அலகு 7 சென்டிமீட்டர் அளவு. பீச் மரக் கைப்பிடி, கழுத்தில் ஓர் உலோக வளையம், மெல்லிய அலகு. கொய்யாவை இதைவிட அழகாக அரிகிற சின்னக் கத்தியை நான் பார்த்ததில்லை.

ஆசையோடு நீட்டினேன். பக்கத்தில் இருந்த மாமியார் பதறிவிட்டார். "மாப்பிள்ளை, கத்தியைக் கையில கொடுக்காதீங்க, கீழ வைங்க. அப்புறம் ரெண்டு பேருக்கும் சண்டை வரும்." தரையில் வைத்தேன், அவள் எடுத்தாள். சண்டை எப்படியும் வந்தது. வளையத்தைத் திருப்ப வேண்டும், நகத்தைப் பள்ளத்தில் கொடுத்து அலகை இழுக்க வேண்டும், திறந்ததும் மறுபடி வளையத்தைத் திருப்பிப் பூட்ட வேண்டும். மூடும்போது இதெல்லாம் பின்னாலிருந்து முன்னால். "என்னங்க, இதைத் திறக்கறதுக்கே இன்னொரு கத்தி வேணும் போலிருக்கே" என்றாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது. அந்த வளையம் தானாகப் பூட்டிக்கொள்ளாது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் அதைக் கொண்டுவந்தபோது அதுவரை இல்லாத பாதுகாப்பு வந்தது என்னவோ உண்மை. ஆனால் திருப்ப மறந்தால் பூட்டும் இல்லை. பழகியவனுக்கு விரல் தானாகத் திருப்பிவிடும். புதியவர் பார்சலை வெட்டுகிற அவசரத்தில் மறந்துவிடுவார். மூடிய நிலையிலும் பூட்டி வைக்கலாம் என்பது மட்டும் கைப்பைக்கு நல்ல விஷயம், பைக்குள் தானாகத் திறந்துகொள்ளாது.

அடுத்த வில்லங்கம் நம் ஊர் ஈரம். ஐப்பசி மழையில் மரம் ஊறிப் புடைத்து அலகைக் கவ்விக்கொள்ளும். நகம் பெயர்ந்தாலும் கத்தி திறக்காது. சவ்வாக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு: பூட்டை எடுத்துவிட்டுக் கைப்பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகின் முனை கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும், பிடித்து இழுக்கலாம். எனக்கு இது பெருமையான வித்தை. ஸ்டாஃப் ரூமில் ஓர் ஆசிரியை மேசையில் கத்தியைத் தட்டுவதை நினைத்துப் பாருங்கள். ஒப்பினெல்தான் என்று முடிவு செய்தவர்கள் அலகில் 'இனாக்ஸ்' என்று முத்திரை உள்ளதையே வாங்குங்கள், துருப்பிடிக்காத எஃகு. கார்பன் எஃகு அலகு சாணை பிடிக்கச் சுகமானதுதான், ஆனால் ஒரு மாங்காய் நறுக்கினாலே கறுத்துவிடும். துடைக்காமல் பையில் போட்டால் துரு.

இரண்டாவது விக்டோரினாக்ஸ் கிளாசிக் எஸ்.டி. சாவிக்கொத்தில் தொங்குமே, அந்தக் குட்டிச் சிவப்புக் கத்தி. மூடினால் 58 மில்லிமீட்டர், எடை இருபது கிராமைச் சற்றே தாண்டும். கத்திப் பிரியர்கள் இதைப் பொம்மை என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஸ்விட்சர்லாந்தின் இபாக் ஊரில் கார்ல் எல்செனர் 1884-இல் பட்டறை தொடங்கினார். 1909-இல் இறந்த தாயார் விக்டோரியாவின் பெயரைக் கம்பெனிக்கு வைத்தார். 1921-இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அந்தப் பெயரோடு 'இனாக்ஸ்' ஒட்டிக்கொண்டது. இந்தக் குட்டியில் ஒரு சின்ன அலகு, கத்தரிக்கோல், நக அரம், அரத்தின் நுனியில் திருப்புளி, பல்குத்தி, முள்வாங்கி, ஒரு வளையம். 'எஸ்.டி.' என்பது திருப்புளியைக் குறிக்கிறது.

முள்வாங்கியைப் பார்த்ததும் என் தாத்தா நினைவுக்கு வந்தார். அரைஞாண் கயிற்றில் முள்வாங்கியும் காதுக்குறும்பி எடுக்கிற வாங்கியும் தொங்க நடந்தவர். பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டி. கைக்கு எட்டும் இடத்தில் சின்னக் கருவி வைத்துக்கொள்வது இந்த வீட்டுக்குப் புதிதல்ல, நடுவில் ஒரு தலைமுறை விட்டுவிட்டது, அவ்வளவுதான்.

மனைவி முதலில் திறந்தது அலகை அல்ல, கத்தரிக்கோலை. விலைச்சீட்டு, ரவிக்கையில் தொங்கிய நூல், மாத்திரை அட்டையின் ஓரம், பால்பவுடர் பாக்கெட் என்று அன்றே நாலைந்து வேலை. அலகைத் திறக்க இரண்டு நாள் ஆனது. கத்திக்குப் புதியவருக்கு ஏற்கெனவே கை பழகிய ஒரு கருவி உள்ளே இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கத்தரிக்கோலுக்காகக் கையில் எடுப்பார்கள், அலகு தானாகப் பழக்கமாகும்.

குறைகளும் இருக்கின்றன. இதில் பூட்டே இல்லை, ஸ்பிரிங் பிடிமானம் மட்டும்தான். அலகின் முனையால் எதையாவது குத்தித் துளைக்கப் போனால் விரல் மேல் மடங்கிவிடும். புதிதாக இருக்கும்போது ஸ்பிரிங் இறுக்கமாக வேறு இருக்கும். நகம் வளர்த்து பாலிஷ் போடுகிறவர்கள் திட்டுவார்கள். முதல் வாரம் என் மனைவியும் திட்டினாள். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு இருபது முப்பது தடவை நான் திறந்து மூடிக் கொடுத்ததும் சரியானது. கொய்யா? சிறியதாக இருந்தால் வெட்டலாம். பெரிய காயை நாலு பக்கமும் சுற்றி வெட்டிப் பிளக்க வேண்டியதுதான். மாம்பழத்தைக் கொண்டுவராதீர்கள்.

மூன்றாவது, நண்பர் ஒருவரிடம் ஒரு மாதத்துக்குக் கடன் வாங்கிய ஸ்பைடர்கோ டிராகன்ஃப்ளை. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கோல்டன் ஊர்க் கம்பெனி, இந்தக் கத்தி செய்யப்படுவது ஜப்பானின் செக்கி நகரில். கிளாசிக்கின் மொத்த உடம்பும் 58 மில்லிமீட்டர் என்றேன் அல்லவா, இதன் அலகு மட்டுமே ஏறத்தாழ அந்த நீளம். அலகில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். கட்டைவிரலால் அதைத் தள்ளினால் ஒரே கையில் திறந்துகொள்ளும், நகமே வேண்டாம். 1981-இல் இந்தக் கம்பெனி கொண்டுவந்த ஏற்பாடு இது, இன்று பாதி உலகம் இதைப் பின்பற்றுகிறது. திறந்ததும் முதுகுப் பக்கப் பூட்டு 'டக்' என்று தானாக விழும். அலகின் பாதையில் விரலை வைக்காமலேயே அந்தப் பூட்டை அழுத்தலாம். பக்கவாட்டுத் தகட்டுப் பூட்டு உள்ள கத்திகளில் தகட்டைத் தள்ளும் கட்டைவிரல் அலகு மடங்கும் வழியிலேயே நிற்கும். புதியவருக்கு அந்த வகையை நான் கொடுக்க மாட்டேன்.

திறப்பு, பூட்டு, கூர் மூன்றிலும் டிராகன்ஃப்ளைதான் முதலிடம். எனக்கு இதில் இரண்டாம் கருத்தே இல்லை. ஆனால் அவள் அதைப் பையில் வைத்த முதல் நாளே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "இதை எடுத்தா பசங்க மிரண்டுடுவாங்க." அவள் சொன்னது நியாயம். சாக்பீஸ் பெட்டி வெட்டுகிற கத்தி போலவே அது இல்லை. ஒரே கையில் 'டக்' என்று திறப்பது எனக்கு வசதி, எதிரே நிற்பவருக்கு மிரட்டல். கிளாசிக்கைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள், "டீச்சர், ஒரு நிமிஷம் கொடுங்க" என்றுதான் கேட்பார்கள். விலையும் கிளாசிக்கைப் போலப் பல மடங்கு. ஒரு பேருந்துப் பயணத்தில் தொலைந்தால் யார் மனம் தாங்கும்?

சட்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு: நம் நாட்டின் ஆயுத விதிகள் கண்வைப்பது 9 அங்குலத்தைத் தாண்டும் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான அலகுகள் மேல், அதிலும் வீட்டுக்கும் வயலுக்கும் தொழிலுக்கும் செய்த கத்திகளுக்கு விலக்கு உண்டு. இந்த மூன்றும் அந்த அளவின் பக்கத்திலேயே வராது. அதற்காகத் தெருவோரத்தில் விற்கும் பட்டன் கத்தியை வாங்கிவிடாதீர்கள். பார்க்கிறவர் கண்ணில் அது வேலைக்கான கத்தியே அல்ல, பூட்டும் நம்பத்தக்கதல்ல.

ஆக, கைப்பைக்குக் கிளாசிக் என்பது என் முடிவு. கத்தியாக மட்டும் எடைபோட்டால் மூன்றில் கடைசி அதுதான். ஆனால் மற்ற இரண்டும் அலமாரியில் கிடக்கும், இது ஒன்றுதான் வெளியே வரும். உங்கள் மனைவியோ கணவரோ பழம், காய், பிக்னிக் என்று யோசிப்பவரானால் கதை வேறு. அவருக்கு 7-ஆம் எண் ஒப்பினெலில் முனை உருண்டையாக வரும் வகையைப் பாருங்கள். குழந்தைகளுக்கென்று செய்தது, 8 சென்டிமீட்டர் அலகு, வளையப் பூட்டும் உண்டு. குத்துகிற முனை இல்லாததால் புதியவரின் பாதி பயம் போய்விடும். பெரியவர்களுக்குக் கொடுத்தால் கோபிப்பார்களோ என்று தயங்க வேண்டாம், கொய்யா வெட்ட முனை எதற்கு?

எதைக் கொடுத்தாலும் திறப்பதை அல்ல, மூடுவதை முதலில் சொல்லிக்கொடுங்கள். கைப்பிடியைப் பக்கவாட்டில் பிடித்து, அலகு உட்காரும் பள்ளத்தில் ஒரு விரல்கூட இல்லாமல், இன்னொரு உள்ளங்கையால் அலகின் முதுகைத் தள்ளி மூட வேண்டும். அரிவாள்மனைக்காரர்களுக்கு இன்னொரு பழக்கத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். பார்சலை மடியில் வைத்து, கத்தியைத் தன்னை நோக்கி இழுப்பார்கள். அரிவாள்மனையில் அது சரி, அலகு ஓர் இடத்தில் நிற்கும். இங்கே டேப் சட்டென்று அறுந்தால் கத்தி நேராகத் தொடைக்கு வரும். வெளிப்பக்கமாகத் தள்ளி வெட்டச் சொல்லுங்கள்.

ஒப்பினெல் இப்போது என் மேசையில். மே மாதம் மட்டும் அவள் கேட்காமலேயே எடுத்துப் போவாள், மாம்பழத்துக்கு.

போன விடுமுறையில் விமானத்தில் போனோம். கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக முடியாது, பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட வேண்டும் என்று முதல் நாள் இரவு அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். அவள் தன் கிளாசிக்கை எடுத்துப் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவில் வைத்தாள். மறுநாள் சோதனைத் தட்டில் மாட்டியது என் சாவிக்கொத்தில் தொங்கிய கத்தி. அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.