மட்டக்களப்பு மாரியில் சைக்கிள் ஓட என்ன உடுப்பு? பல மாரி கண்ட அனுபவம்

மட்டக்களப்பில் சைக்கிளுக்குக் குளிர் உடுப்பு எதற்கு என்று கேட்பவர்கள், மார்கழி விடியற்காலையில் நனைந்த சேட்டோடு கல்லடிப் பாலத்தைக் கடந்து பார்க்க வேண்டும். வெப்பமானி 23 பாகைதான் காட்டும். வீட்டு விறாந்தையில் அது குளிரே இல்லை. ஆனால் மழையில் ஊறிய உடம்போடு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகும்போது வாடைக்காற்றும் சேர்ந்து அடித்தால் பல்லுக் கிட்டும். தண்ணீர் காற்றை விட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். போதாததற்கு, உடம்பில் உள்ள ஈரம் ஆவியாகும்போதும் நம் சூட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகிறது.

மெரினோ (ஒருவகைச் செம்மறியாட்டின்) கம்பளி உள்பனியன், கையில்லாத காற்றுத்தடுப்பு வெஸ்ட், மழை ஜக்கெட், ஆம் வார்மர் (கையில் தனியாக மாட்டும் சட்டைக்கை) என்று நான்கையும் பல மாரியாகப் பாவித்து வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் கரையோரத்தில் மழையைத் தடுக்கப் பார்ப்பது வீண். காற்றைத் தடுத்தால் போதும். மலைநாட்டுக்குப் போனால் கதை வேறு, அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வழமையாக ஏ4 வீதியில் கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வழியாகக் கல்முனை வரை போகும். ஒரு பக்கம் சுமார் 40 கி.மீ. கால் வாய்த்தால் நிந்தவூர் தாண்டி அக்கரைப்பற்று. தென்னையும் மதிலும் முடிந்து வெளியான இடங்கள் வரும்போதுதான் காற்று பக்கவாட்டில் ஏறும். அந்த இடத்தில் யார் என்ன உடுத்தியிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்துவிடும்.

திரும்பி வரும்போது தேத்தண்ணிக் கடையில் நடக்கும் வாக்குவாதத்துக்காகவே சிலர் வருகிறார்கள். சைக்கிள் ஓட்டவீரர்களில் பெரியவர் பெல்ஜியத்தின் மெர்க்ஸா, பிரான்ஸின் இனோவா என்பதுதான் தீராத வழக்கு. எடி மெர்க்ஸ் வென்றது டூர் டி பிரான்ஸ் ஐந்து, இத்தாலியின் பெரிய ஓட்டமான ஜிரோ டி இத்தாலியா ஐந்து, 1972இல் மெக்சிகோ சிற்றியில் ஒரு மணித்தியாலத்தில் 49.431 கி.மீ. கணக்கு வைத்துப் பார்த்தால் அவருக்கு எதிரில் நிற்க ஆளில்லை. ஆனால் எங்களில் மூத்த அண்ணன் பெர்னார் இனோவின் ஆள். "சூறாவளி அடிச்ச வருசம்தான் இனோ முதல் டூர் வென்றது" என்று தொடங்குவார். அது 1978. மட்டக்களப்பில் அந்த வயதுக்காரர் யாருக்கும் அந்த ஆண்டைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

அந்த அண்ணன் அடிக்கடி எடுக்கும் கதை 1980 லியேஜ்–பாஸ்தோன்–லியேஜ் என்ற ஒருநாள் ஓட்டம். பெல்ஜியத்தில் சித்திரை மாதம், தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே பனி கொட்டியது. புறப்பட்ட 174 பேரில் முடித்தவர்கள் 21 பேர். நடுவழியில் மழை அங்கியைக் கழற்றிவிட்டுத் தாக்கத் தொடங்கிய இனோ, ஒன்பது நிமிடத்துக்கு மேலான இடைவெளியில் தனியே வந்து வென்றார். அந்தக் குளிரில் பாதிக்கப்பட்ட இரண்டு விரல்களில் பிறகும் உணர்ச்சி சரியாகத் திரும்பவில்லை. இதை வீரம் என்று அண்ணன் கொண்டாடுவார். எனக்கு அந்த விரல்கள்தான் மனதில் நிற்கின்றன.

உடுப்பைப் பொறுத்தவரை எனக்குப் பாடம் சொன்னது 1988 ஜிரோ. யூன் 5ஆம் திகதி, 2600 மீற்றருக்கு மேல் உயரமான கவியா கணவாயில் பனிப்புயல். ஆண்டி ஹாம்ஸ்டனின் அணிக்காரர்கள் முன்கூட்டியே கடைகளில் குளிர் உடுப்பு வாங்கி, ஏற்றத்தின் மேல்பகுதியில் சூடான தேத்தண்ணியோடு கொடுத்தார்கள். அவர் அதைப் போட்டுக்கொண்டு இறங்கினார். யோஹான் வான் டெர் வெல்டே அரைக்கை ஜேர்சியோடு எல்லோருக்கும் முன்னால் உச்சியைக் கடந்தார். ஆனால் இறக்கத்தில் உடம்பு விறைத்து, நின்று சூடேற்றிக்கொள்ள வேண்டியதாகி, முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் பின்தங்கினார். எரிக் பிரோய்கிங்க் அன்றைய நாள் ஓட்டத்தை வென்றார். மொத்த நேரத்தில் முன்னால் நிற்பவர் போடும் இளஞ்சிவப்பு ஜேர்சி ஹாம்ஸ்டனுக்குப் போனது. ஜிரோவை வென்ற முதல் அமெரிக்கர் அவர். ஏறும்போது உடம்பு தானாகச் சூடாகும், ஆளைச் சாய்ப்பது இறக்கம். உடுப்பை எது என்று பார்ப்பதோடு எப்போது போடுவது என்றும் பார்க்க வேண்டும் என்பதை இதை விடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

சரி, என் உடுப்புக்கு வருகிறேன்.

மெரினோ உள்பனியன் சுவிஸில் இருக்கும் மச்சான் கொண்டுவந்து தந்தது. கம்பளி என்றதும் எங்கள் முஸ்லிம் அண்ணன் (காக்கா) ஒருவர் சிரித்தார்: "தம்பி, இது கம்பளி போடுற ஊரா?" இப்போது அவரும் ஒன்று வைத்திருக்கிறார். மெரினோ நூல் மிக மெல்லியது, உடம்பில் அரிக்காது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தோலுக்கு ஈரமாகத் தெரியாது. அதற்கு மேல் முழுதாக நனைந்தாலும் தோலோடு சப்பென்று ஒட்டிக்கொள்ளாமல் கொஞ்சம் விலகி நிற்கும். அந்த இடைவெளியில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. பொலியெஸ்டர் பனியன் இதைவிடச் சீக்கிரம் காயும், உண்மை. ஆனால் மாரியில் வெயில் இல்லாத மூன்று நாளில் பொலியெஸ்டரில் ஏறும் நாற்றம் சவர்க்காரத்துக்கும் போகாது. மெரினோவை விறாந்தைக் கொடியில் போட்டால் மறுநாள் மணமே இருக்காது. இத்தாலியின் பழைய ஜாம்பவான்கள் கொப்பி, பார்த்தாலி காலத்து ஓட்டவீரர்கள் கம்பளி ஜேர்சியோடு ஓடியதற்கு வேறு துணி இல்லாதது ஒரு காரணம். ஆனாலும் கம்பளி அந்த வேலைக்குப் பொருந்தியும் இருந்தது.

(கொப்பி பேச்சு வந்தால் இன்னொன்றும் வரும். மலைகளை ஆண்ட அந்த மனிதர் ஆபிரிக்கா போய் வந்து, 1960 ஜனவரி 2ஆம் திகதி மலேரியாவில் இறந்தார். மலேரியா என்றால் என்னவென்று எங்கள் தாய்தகப்பன் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். இலங்கையில் அது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்ததே 2016இல்தான்.)

மெரினோவின் குறை, அது நீண்ட நாள் நிற்காது. முதலில் அக்குளுக்குக் கீழே துணி மெலிந்து வெளிச்சம் தெரியும். பிறகு அலுமாரியில் பூச்சி அரித்துப் பொட்டுப் பொட்டாய்த் துளை விழும். வேப்பிலைக் காம்பைத் துணிப்பையில் கட்டி வைத்த பிறகு பூச்சி குறைந்திருக்கிறது. முறுக்கிப் பிழியக் கூடாது. துவாயில் சுருட்டி அமுக்கினால் போதும்.

மழை ஜக்கெட்டைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், நான்கிலும் காசு கூடியது அதுதான். தண்ணீர் உள்ளே வராது, வியர்வை ஆவி வெளியே போகும் என்பது அதன் வாக்குறுதி. ஐரோப்பாவில் அது நடக்கும். இங்கே ஏன் நடக்கவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஜக்கெட் துணிக்குள் இருக்கும் மெல்லிய சவ்வின் வழியே ஆவியைத் தள்ளுவது உள்ளேயும் வெளியேயும் உள்ள ஆவியழுத்த வித்தியாசம். 35 பாகைத் தோலின் மேல் ஈரம் நிறைந்த காற்றின் ஆவியழுத்தம் சுமார் 5.6 கிலோபாஸ்கல். வெளியே 5 பாகையில் மழை பெய்தால் அங்கே 0.9 மட்டும்தான். நம் மாரியில் 24 பாகை மழையில் அதுவே 3.0. அதாவது இங்கே ஆவியைத் தள்ளும் விசை, பெல்ஜியத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். அதோடு வெளித்துணி நனைந்து ஊறிவிட்டால் மிச்சமும் அடைபடும். ஆரையம்பதி தாண்டுவதற்குள் ஜக்கெட்டுக்குள் மழை பெய்யத் தொடங்கிவிடும், வியர்வை மழை. கையைத் தூக்கினால் மணிக்கட்டு வழியே தண்ணீர் வடியும். வெளியிலிருந்து நனைந்தாலும் உள்ளிருந்து நனைந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

நீண்ட காலப் பாவனையில் தெரிந்தது இன்னும் கவலையானது. அந்த ஜக்கெட் பழுதானது அலுமாரியில் இருந்தபோது. இரண்டு வருடம் போனதும் தோள்பக்கத் தையலை மூடியிருந்த நாடா கிளம்பியது. மறுகா கழுத்துப் பட்டியின் உள்பூச்சு பிசுபிசுத்து, வெள்ளைச் செதிலாக உரிந்து மெரினோவில் ஒட்டத் தொடங்கியது. பொலியூரித்தேன் பூச்சு சூட்டிலும் ஈரப்பதனிலும் மெல்ல மெல்லச் சிதையும் பொருள். மட்டக்களப்பில் ஒரு பூட்டிய அலுமாரி அந்த இரண்டையும் வருடம் முழுக்கக் கொடுக்கிறது. விற்ற இடத்தில் கேட்டதற்கு, கழுவிய முறை பிழை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பராமரிப்புத் தாளில் இருந்தபடிதான் கழுவியிருந்தேன். விலை உயர்ந்த மழை ஜக்கெட் வாங்க நினைப்பவர் யாராயிருந்தாலும் இதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பூட்டிய அலுமாரியில் வைக்காமல் காற்றுப்படும் அறையில் தொங்கவிடுங்கள்.

வெஸ்ட்தான் என் நெஞ்சுக்கு நெருக்கமானது. முன்பக்கம் நெருக்கமாக நெய்த மெல்லிய நைலோன், முதுகுப்பக்கம் வலை. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும், ஜேர்சிப் பையில் இருப்பதே தெரியாது. மழை அதன் வழியே உள்ளே வரும், வரட்டும். நெஞ்சில் காற்று நேரே அடிக்காது, வியர்வை முதுகால் போய்விடும். உள்ளே மெரினோ, மேலே ஜேர்சி, அதன் மேல் இந்த வெஸ்ட் என்றால், கல்முனை போய்க் கிறுகி வரும்வரை பெய்தாலும் நடுக்கம் வராது. கச்சான் காற்றுக் காலத்தில் எடுத்து வைத்துவிடலாம், வேலையில்லை. குறை என்றால் சிப். உப்புக் காற்றில் சிப்பின் இழுவை துருப்பிடித்து நடுவில் இறுகிவிட்டது. டவுனில் ஒரு தையல்காரர் பிளாஸ்ரிக் சிப் மாற்றித் தந்தார், அதற்குப் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. கரையோரத்தில் இருப்பவர்கள் வாங்கும்போதே பிளாஸ்ரிக் சிப் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஆம் வார்மர் கரையோரத்தில் அரைமணித்தியாலத்துக்கு மேல் கையில் நிற்பதில்லை. சப்பாத்து உறையும் அப்படித்தான். மழைத்தண்ணி எப்படியும் காலால் வழிந்து உள்ளே இறங்கும், இறங்கியது வெளியே போகாது. சப்பாத்தை நனைய விட்டு, வீட்டுக்கு வந்ததும் உள்ளே பழைய பேப்பரைச் செருகி வைப்பதுதான் வழி. முதல் பேப்பரை ஒரு மணித்தியாலத்தில் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளேயே கிடக்கும்.

இனி மலை. தை மாத விடுமுறையில் செங்கலடியிலிருந்து ஏ5 வீதியைப் பிடித்து மகா ஓயா, பிபிலை, லுணுகலை, பசறை என்று பதுளைக்கு ஏறி, ஓர் இரவு தங்கி, வெலிமடை வழியாக நுவரெலியா போவது எங்கள் வழக்கமாகிவிட்டது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்ற பொதுக் கணக்கில், மட்டக்களப்பில் 23 என்றால் அங்கே 11. தை மாத விடியலில் அதற்கும் கீழே போகும், சில நாளில் புல்லில் உறைபனியும் விழும்.

அங்கேதான் கரையோரத்தில் தோற்ற உடுப்பெல்லாம் வென்றது. ஏற்றத்தில் மெரினோவும் ஜேர்சியும் மட்டும், சிப் தொப்புள் வரை திறந்து. நுவரெலியாவில் தேத்தண்ணி குடித்து, உடம்பு ஆறுவதற்கு முன்பே ஆம் வார்மர், வெஸ்ட், அதன் மேல் ஜக்கெட். ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்கும்போது தூறல் பிடித்தது. வெளியே குளிர், ஆகவே சவ்வு சொன்ன வேலையைச் செய்தது: உள்ளே மெரினோ காய்ந்தபடியே இருந்தது. எங்களோடு ஜக்கெட் இல்லாமல் வந்த தம்பி ஒருவருக்குக் கடைக்காரரிடம் பழைய வீரகேசரிப் பேப்பர் வாங்கி, நாலாக மடித்து ஜேர்சிக்குள் நெஞ்சில் வைத்துவிட்டோம். ஐரோப்பியக் கணவாய்களில் ஓட்டவீரர்கள் காலங்காலமாகச் செய்த வேலை அது. வெலிமடைக்கு வந்தபோது அவருடைய வெள்ளைப் பனியனில் செய்தித் தலைப்பு தலைகீழாகப் பதிந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை. கைவிரல்தான் எல்லோருக்கும் மரத்துப்போனது, பிறேக் பிடிக்கும் இரண்டு விரலுக்கு முழுவிரல் கையுறை கட்டாயம் வேண்டும். அதை மட்டும் வாங்காமல் மலைக்கு ஏறாதீர்கள்.

வாங்கும் ஒழுங்கு கேட்டால் இப்படிச் சொல்வேன். மட்டக்களப்பு, அம்பாறை வீதிகளில் மட்டும் ஓடுபவர் முதலில் வெஸ்ட் வாங்கட்டும், அப்புறம் மெரினோ. அதற்குள் காசு மிஞ்சினால் பின்பக்க மட்காட்டும் நல்ல சிவப்பு விளக்கும் வாங்கட்டும். மழையில் பஸ் சாரதிக்கு நம்மைக் காட்டுவது அந்த விளக்குத்தான், அதனால் வெஸ்ட்டின் நிறமும் கறுப்பாக வேண்டாம். ஜக்கெட் வருடத்தில் ஒரு தடவையாவது மலைக்குப் போகிறவருக்கு மட்டும். எங்கள் கூட்டத்தில் இப்போது ஜக்கெட் இரண்டுதான் இருக்கிறது, மலைக்குப் போகிறவர் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார். கொண்டுவந்து தரும்போது காயவைத்துத் தர வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு.