சூட்டில் ஸ்டார்ட் ஆகாத போர்ஷே 924 காரும் வெள்ளலூர் ரோட்டு ஒர்க்‌ஷாப்பும்

பழைய இன்ஜெக்‌ஷன் கார் வைத்துக்கொண்டு கோவைப் பக்கம் நல்ல மெக்கானிக் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்காநல்லூரிலிருந்து வெள்ளலூர் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். பெயர்ப்பலகை கிடையாது. பச்சை கேட், உள்ளே ஒரு வேப்பமரம், மரத்தடியில் கவர் போட்ட கார் ஒன்றிரண்டு எப்போதும் நிற்கும். போன் நம்பரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். ஒரே நேரத்தில் நாலு வண்டிக்கு மேல் அவர் எடுப்பதில்லை.

என்னுடையது 1982 மாடல் போர்ஷே 924. அப்பா 1993-ல் வால்பாறை எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கியது. பொள்ளாச்சியில் எங்களுக்குத் தென்னந்தோப்பும் சின்னதாக ஒரு கயிறு மில்லும் இருக்கிறது. எல்லாவற்றையும் தோப்புக்கும் எங்கள் படிப்புக்கும் போட்ட மனுஷர், தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது இந்தக் காரை மட்டும்தான். அவர் போனபிறகு நான் ஓட்டுகிறேன். விற்றுவிடச் சொல்லாத சொந்தக்காரர் இல்லை. எனக்கு மனசு வரவில்லை.

தொந்தரவு இதுதான். காலையில் சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும். கோவை வரை 40 கிலோமீட்டர், ஒரு குறை சொல்ல முடியாது. நடுவில் கிணத்துக்கடவு பங்கில் பெட்ரோல் போட்டு, காற்றுப் பிடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் முடிந்தது கதை. ஸ்டார்ட்டர் ஜோராகச் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிப்பார், பங்குப் பையன்கள் ஓரமாகத் தள்ளிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி கிளம்பும். போன வருஷம் மாமா வீட்டுச் சீருக்குப் போகும்போது, பட்டுச்சேலையோடு மத்தியான வெயிலில் அந்த பங்கில் உட்கார்ந்திருந்தேன். தாய்மாமன் சீர் முடிந்தபிறகுதான் போய்ச் சேர முடிந்தது.

அதற்கு முன்னால் வேறோர் இடத்தில் காட்டியிருந்தேன். பெயர் வேண்டாம். ஏழு மாதத்தில் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டார், இக்னிஷன் காயில், பிளக் செட் எல்லாம் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் "இதுதாங்க காரணம்" என்றார்கள். மொத்தம் 61,000 ரூபாய். ஒரு தடவைகூட கேஜ் மாட்டி பிரஷர் பார்க்கவில்லை. பணம் போனதைவிட, நன்றாக இருந்த பழைய காயிலைக் கழற்றிவிட்டுத் திருப்பிக்கூடத் தராததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளலூர் ரோட்டுக்காரருக்கு அறுபது வயது தாண்டியிருக்கும். சென்னைப் பக்கம் சோழவரத்தில் கார் ரேஸ் நடந்த காலத்தில் கோவை டீம் ஒன்றில் ஹெல்பராகத் தொடங்கியவர். கரிவரதன் கட்டிய ரேஸ் கார்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். செட்டிபாளையம் டிராக்குக்கு இன்று இருப்பது அந்தக் கரிவரதன் பெயர்தான். போனில் பேசும்போது மெக்கானிக் சொன்னது ஒன்றே ஒன்று: "வண்டி சூடாவே வரோணுமுங்க அம்மிணி. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க."

ஏப்ரல் மாதம், மத்தியானம் இரண்டரை மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பானெட்டைத் திறக்கவில்லை. பத்து நிமிஷம் கேள்வி மட்டும்தான். நிறுத்தின உடனே போட்டால் பிடிக்கிறதா? பத்து நிமிஷம் கழித்து? இரண்டு மணி நேரம் கழித்து? ராத்திரி முழுக்க நின்றால்? நான் சொல்லச் சொல்ல, சாக்பீஸால் தகர ஷட்டரில் எழுதினார். உடனே, சரி. இருபது நிமிஷம், இல்லை. இரண்டு மணி, சரி. காலையில், சரி. எழுதி முடித்துவிட்டு, "ஸ்டார்ட்டரு, காயிலு எல்லாம் நீங்க மாத்தியிருக்கவே வேண்டியதில்லீங்க. சுத்துறது நல்லாத்தான சுத்துது" என்றார். அப்புறம் காரைச் சும்மா இருபது நிமிஷம் நிற்கவிட்டார். சாவியைத் திருப்பச் சொன்னார். பிடிக்கவில்லை. ஒரு பிளக் வயரைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தார், நீலமாக நன்றாகவே அடித்தது. பிறகு பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலேயைப் பிடுங்கி, அந்த இடத்தில் ஒரு வயர் துண்டைச் செருகி, பம்பை மட்டும் அரை நிமிஷம் ஓடவிட்டார். இப்போது திருப்புங்கள் என்றார். முதல் சுற்றிலேயே பிடித்தது. ஏழு மாதமாக யாரும் செய்யாத சோதனை. செலவு ஒரு துண்டு வயர்.

இந்தக் காரில் இருப்பது கே-ஜெட்ரானிக். பாஷ் கம்பெனி 1973-ல் கொண்டுவந்த, முழுக்க மெக்கானிக்கலான இன்ஜெக்‌ஷன். இன்ஜெக்டரைக் கம்ப்யூட்டர் திறந்து மூடுவதில்லை. இன்ஜின் ஓடுகிறவரை நாலும் நிற்காமல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். உள்ளே போகிற காற்று ஒரு தட்டைத் தூக்கும், தட்டு தூக்குகிற அளவுக்குப் பெட்ரோல் போகும். இன்ஜெக்டர் திறப்பதற்கே மூணு பாருக்கு (பார் என்பது பிரஷர் அளவு) மேல் பிரஷர் வேண்டும். வண்டியை நிறுத்தினபிறகும் லைனில் கொஞ்சம் பிரஷர் தங்கி நிற்க வேண்டும். அது ஏன் என்பதை அவர் சொன்னவிதம்தான் எனக்குப் பிடித்தது.

"கெணத்து மோட்டாருக்கு ஃபுட்வால்வு ஒழுகுனா என்னாகுமுங்க?"

"தண்ணி எறங்கிப் போயிரும். மறுக்காத் தண்ணி ஊத்தித்தான் மோட்டார் போடோணும்."

"அதேதானுங்க. இங்க தண்ணிக்குப் பதுலு பெட்ரோலு."

ஓடும்போது காற்றும் தண்ணீரும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். நிறுத்தினதும் அந்தச் சூடு பானெட்டுக்குள்ளேயே நின்று, முதல் அரை மணி நேரம் இன்னும் ஏறும். பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரி சூட்டுக்கே கொதிக்கத் தொடங்கிவிடும். லைனில் பிரஷர் இருந்தால் கொதிக்காமல் அடங்கியிருக்கும், இல்லையென்றால் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். ஸ்டார்ட்டர் சுற்றச் சுற்ற இன்ஜெக்டருக்குப் போவது அந்த ஆவிதான். ஆறினால் ஆவி திரும்பப் பெட்ரோலாகிவிடும். காலையில் பிடிப்பதற்குக் குளிர் ஸ்டார்ட்டுக்கென்றே தனியாக ஒரு வால்வ் பீய்ச்சி உதவுகிறது. ஷட்டரில் எழுதியிருந்த நாலு வரிக்கும் பதில் கிடைத்துவிட்டது. அப்பா இந்த மாதிரி சமயத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதிமிதியென்று மிதிப்பார். கார்ப்புரேட்டர் வண்டி ஓட்டிய பழக்கம். இதில் மிதித்தால் பெட்ரோல் பீய்ச்சாது. அரைவாசி அழுத்திப் பிடித்துக்கொண்டு பத்துப் பதினைந்து செகண்ட் விடாமல் சுற்றினால்தான் கொஞ்சமாவது வழி உண்டு.

பிரஷர் எங்கே ஒழுகுகிறது என்று பார்க்க மறுநாள் வரச் சொன்னார். இரண்டு மணல் வாளியும் ஒரு தீயணைப்பானும் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் பெட்ரோல் லைனில் ஸ்பானர் வைத்தார். பூட்டினது 0-7 பார் கேஜ், நடுவில் ஒரு மூணு வழி வால்வ். குழாயை இணைக்கும் யூனியன்கள் எல்லாம் அவரே லேத்தில் கடைந்தவை. இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி நிறுத்தினோம். முள் இறங்கி இரண்டரைக்குக் கொஞ்சம் கீழே வந்து ஒரு கணம் நின்றது. அங்கேயே நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. கடிகாரத்துச் சின்ன முள் மாதிரி, நகர்கிறதா என்று சந்தேகப்படுகிற வேகத்தில் இறங்கிக்கொண்டே போனது. இரண்டு. ஒன்றரை. ஒன்று. நாலு நிமிஷத்தில் பூஜ்யம். நாங்கள் மூன்று பேர், அவர், ஹெல்பர் பையன், நான், ஒருவரும் பேசவில்லை. ஏழு மாதமாக என்னைத் தெருவில் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தது அப்போதுதான்.

அதற்குப்பிறகு ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் ஹோஸைக் கிளாம்ப் போட்டு நசுக்கினார். முள் இறங்கும் வேகம் கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. அப்படியானால் பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்க பம்பில் இருக்கும் செக் வால்வும் லேசாக ஒழுகுகிறது, பெரிய ஓட்டை வேறு இடத்தில். மூணு வழி வால்வை மூடி, இன்ஜின் சூடாகும்வரை பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் வார்ம்-அப் ரெகுலேட்டர் பக்கத்தைத் தனியாக்கினார், மாற்றம் இல்லை. மிச்சப் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனை நசுக்கினார், மாற்றம் இல்லை. நாலு இன்ஜெக்டரையும் கழற்றி நாலு ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு பிரஷர் ஏற்றினார், ஒரு சொட்டுகூட இல்லை. கடைசியாகக் காருக்கு அடியில் படுத்து, பின்பக்கம் இருக்கும் அக்யூமுலேட்டரின் சின்ன ஹோஸைக் கழற்றினார். காய்ந்து இருக்க வேண்டிய இடம் அது. பெட்ரோல் ஒழுகி முழங்கை வரைக்கும் வந்தது. "கெடச்சிருச்சுங்க" என்றார் அடியிலிருந்தபடியே.

அக்யூமுலேட்டர் என்பது ஒரு தகர உருளை. உள்ளே ஒரு பக்கம் பெட்ரோல், மறுபக்கம் ஸ்பிரிங், நடுவில் டயபிரம் என்கிற சவ்வு. இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கும். நிறுத்தினதும் ஸ்பிரிங் திருப்பித் தள்ளி பிரஷரைப் பிடித்து வைக்கும். டயபிரம் கிழிந்தால் எல்லாம் டேங்குக்கே ஓடிவிடும்.

பார்ட் ஜெர்மனியிலிருந்து வர 23 நாள் ஆனது. கூரியர், சுங்கவரி எல்லாம் சேர்த்து அக்யூமுலேட்டர் 27,300, செக் வால்வ் 3,400. பெட்ரோல் ஹோஸ் முழுவதும் மாற்ற 4,200. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதற்குத் தாங்காத நாற்பது வருஷத்து ரப்பரை உள்ளே விட்டுவைக்க அவருக்கு மனசில்லை. கூலி 6,000. ஆக 40,900. பில் கையால் தமிழில் எழுதியது, ஒவ்வொரு பார்ட்டுக்கும் வாங்கின ரசீது பின் பண்ணியிருந்தது. பழைய அக்யூமுலேட்டரை ஹேக்ஸா பிளேடால் அறுத்து, டயபிரத்தின் ஓரத்தில் நகக்கண் அகலத்துக்கு இருந்த கிழிசலைக் காட்டி, என் கையிலேயே கொடுத்துவிட்டார். மில் ஆபீஸ் மேஜையில் வைத்திருக்கிறேன்.

குறையும் உண்டு. அவர் சொல்கிற தேதியில் வண்டி கிடைக்காது, எனக்கு ஒன்பது நாள் தள்ளிப்போனது. நாலு வண்டிக்கு மேல் எடுக்காததால் முதல் தடவை இடம் கிடைக்கவே ஒரு மாதம் காத்திருந்தேன். பணமாகத்தான் வாங்குகிறார். உட்கார ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான், பெண்களுக்குப் பாத்ரூம் வசதி இல்லை. பக்கத்து வீட்டு அம்மாதான் உதவினார்கள். இதை அவரிடமே சொன்னேன், கட்டித் தருகிறேன் என்றார்.

மே மாதம், மத்தியானம் ஒன்றரை மணி, அதே கிணத்துக்கடவு பங்க். டேங்க் நிரப்பினேன். வேண்டுமென்றே காரை வெயிலில் நிறுத்திவிட்டு எதிர்ப்பக்கம் போய் இளநீர் குடித்தேன். இருபத்தைந்து நிமிஷம் கழித்து வந்தேன். போன வருஷம் தள்ளிவிட்ட பையன் ஒருவன் என்னைப் பார்த்துவிட்டு, தள்ளத் தயாராகக் கிட்டே வந்து நின்றான். சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்தது. "செரியாயிருச்சுங்களா அக்கா?" என்றான். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, தலையை மட்டும் ஆட்டினேன்.

போகிறவர்கள் சாயங்காலம் ஐந்து மணிக்குமேல் நேரில் போய்க் கேளுங்கள், அப்போதுதான் நின்று பேசுவார். ஞாயிறு லீவு. இந்த மாதிரி தொந்தரவு என்றால் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள், சூடாக ஓட்டிக்கொண்டே போங்கள். எத்தனை நிமிஷம் நின்றால் பிடிக்கவில்லை என்று குறித்துவைத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.