‘மூலிகை வெள்ளி நானோ’ சொட்டு மருந்து: புற்றுநோய் உள்ள வீடுகள் உஷார்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ பாதியில் இருந்தபோது, தெரிந்தவர் மூலமாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். "கீமோ எல்லாம் விஷம்மா. இது மூலிகையில செஞ்ச வெள்ளி நானோ. கேன்சர் செல்லை மட்டும் தேடிப் போய் அழிக்கும்" என்றார். பழுப்பு நிறச் சொட்டு மருந்து, சின்ன பாட்டில் ஒன்று 9,500 ரூபாய். மாமா மூன்று வாங்கினார். அக்கா கீமோவை நிறுத்திவிட்டார். அதற்குள் கட்டி வளர்ந்து, இப்போது டாக்டர் வேறு மருந்துக்கு மாற்றியிருக்கிறார்.

அந்த ஆள் எல்லோரையும் நம்ப வைத்தது ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின் ஜெராக்ஸைக் காட்டித்தான். அதை உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். இலைச்சாற்றில் சில்வர் நைட்ரேட் என்ற வெள்ளி உப்பைக் கலக்கிறார்கள். சாற்றில் உள்ள பாலிஃபீனால் போன்ற தாவரப் பொருள்கள் வெள்ளியை நுண்துகள்களாக மாற்ற, கரைசல் பழுப்பாகிறது. அதை ஆய்வகத் தட்டில் வளர்த்த எம்.சி.எஃப்-7 என்ற மார்பகப் புற்றுச் செல்கள்மேல் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். செல்கள் செத்தன, உண்மைதான். ஆனால் நோயாளிக்கு என்ன, ஓர் எலிக்குக் கொடுத்ததாகக்கூட அதில் ஒரு வரி இல்லை. தட்டில் இருக்கும் செல்லைப் பினாயில்கூடக் கொல்லும். வெள்ளியைத் தொடர்ந்து குடித்தால் அது உடம்பிலேயே தங்கி, தோல் நிரந்தரமாக நீலச் சாம்பல் நிறமாகிவிடக்கூடும். ஆர்ஜிரியா என்பார்கள்.

செடியிலிருந்து புற்றுநோய்க்கு மருந்தே வராது என்று சொல்லவில்லை. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் வந்தன. பசிபிக் யூ மரத்தின் பட்டையிலிருந்து வந்தது பாக்ளிடாக்சல். அதையே ஆல்புமின் என்ற புரதத்தோடு சேர்த்து நானோ துகளாக்கிய மருந்துக்கு அமெரிக்காவில் 2005இல் அனுமதி கொடுத்தார்கள். எல்லாமே நோயாளிகளிடம் சோதித்து, அளவு பார்த்து, நரம்பில் ஏற்றும் மருந்துகள். அக்காவுக்கு ஏற்றிக்கொண்டிருந்ததும் பாக்ளிடாக்சல்தான். விஷம் என்று அந்த ஆள் நிறுத்தச் சொன்ன மருந்தே ஒரு மரம் தந்தது! இதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பாட்டில் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உரிம எண் இல்லை, பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. ‘100% இயற்கை’ என்று மட்டும் பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருக்கிறது. புற்றுநோயைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால் போனை எடுப்பதில்லை. மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் புகார் கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி வாங்கியிருந்தால் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள். திட்டுவாரோ என்று பயப்படாமல் அப்படியே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அடுத்த மருந்தை எழுதுமுன் உள்ளே என்ன போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும்.