35 டிகிரிக்குக் கீழேயா, மேலேயா?

5சிபி என்ற திரவப் படிகம் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் ஓரளவு ஒழுங்காக நிற்கும் பொருள்) அறை வெப்பத்தில் பால்போல் கலங்கி நிற்கும். 35 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சட்டென்று தெளிந்துவிடும். சித்திரை மதியம் ஏசி நின்றுபோனால் புட்டி தானாகவே தெளியும், சூடாக்கவே வேண்டாம். கலங்கல் நெமாடிக் நிலை, மூலக்கூறுகள் ஒரே திசை பார்க்கும். தெளிவு, திசை தொலைந்த சாதாரணத் திரவம். மின்புலத்துக்கு எது நன்றாக அசையும்?

நெமாடிக்குக்கு முக்கால் வோல்ட் அளவில் ஒரு வாசல் உண்டு. அதுவரை அசையாது, தாண்டியதும் மொத்தக் கூட்டமும் திரும்பும். 35-ஐ நெருங்க நெருங்க வாசல் தாழும், பாகுத்தன்மை குறைவதால் வேகமும் கூடும். லாபம்தானே என்று தோன்றும். ஆனால் மூலக்கூறுகளின் ஒழுங்கு குலையக் குலைய இரட்டை ஒளிவிலகலும் (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் மாறும் தன்மை) சரிகிறது. திரும்பினாலும் ஒளியில் பெரிய மாற்றம் தெரியாது. அதனால்தான் எல்சிடி திரை செய்பவர்கள் 5சிபியைத் தனியே நம்பவில்லை. அதை முக்கியச் சரக்காக வைத்துச் செய்த இ7 கலவை தெளிய 60 டிகிரி பக்கம் போக வேண்டும். நெமாடிக்கின் வேகம் என்று பார்த்தால், 5 மைக்ரான் செல்லில் (இரு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே உள்ள மெல்லிய இடைவெளி) புலத்தை நீக்கியபின் பழைய நிலைக்குத் திரும்பச் சுமார் 30 மில்லி வினாடி.

தெளிந்த பக்கத்தில் கதை தலைகீழ். வாசலே கிடையாது, புலத்தின் வர்க்கத்துக்கேற்ப மூலக்கூறுகள் கொஞ்சம் வரிசை பிடிக்கும். கெர் விளைவு என்பது இதுதான். வேகம் நானோ வினாடிக் கணக்கு! மேலிருந்து 35-ஐ நோக்கி இறங்க இறங்க விளைவு ஏறும், ஆனால் அதே வீதத்தில் மந்தமும் ஏறும். விளைவு முடிவிலியை எட்டவேண்டிய புள்ளி 35-க்கும் இன்னும் ஒரு டிகிரி கீழே இருக்கிறது. அதற்குள் திரவம் நெமாடிக்காகத் தாவிவிடுவதால் அங்கே போய்ச் சேரவே முடியாது. கிடைக்கும் விளைவும் சொற்பம்தான், மைக்ரானுக்குப் பல வோல்ட் கேட்கும். லேசர் துடிப்பை வெட்ட இது போதும், திரைக்கு உதவாது.

என் ஓட்டு இரண்டுக்கும் இல்லை. 1977-இல் இயற்பியலாளர்கள் காரஃப்பும் மேயரும் காட்டிய எலக்ட்ரோக்ளினிக் விளைவுக்குத்தான். இதற்கு வேறு பொருள் வேண்டும்: இடக்கை வலக்கை பேதமுள்ள மூலக்கூறுகள் அடுக்கடுக்காக நிற்கும் ஸ்மெக்டிக் ஏ. அது, மூலக்கூறுகள் அடுக்குக்குள் தாமாகவே சாய்ந்து நிற்கும் நிலைக்கு மாறும் எல்லையருகே புலத்துக்கு நேர்விகிதத்தில் சாயும். புலத்தைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் சாயும். வர்க்கத்துக்குக் கட்டுப்பட்ட முந்தைய இரண்டாலும் இது ஆகாது. வேகம் மைக்ரோ வினாடி. எல்லையருகே மந்தமாகும் நோய் இதற்கும் உண்டு. அதைவிடப் பெரிய தொல்லை: மூலக்கூறுகள் சாயும்போது அடுக்குகள் சுருங்கி மடிகின்றன, நுண்ணோக்கியில் கோடுகோடாகத் தெரியும்.