பிரைஸ் பேப்பர்ஸ் இணையதளம்: பிடிபட்ட கப்பல்களின் காகிதக் கட்டுகள்

பாய்மரக் கப்பல் காலத்துக் கடல் வணிகத்தில் ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் பார்க்க வேண்டிய தளம் இது, அதுவும் இலவசம். போரில் பிடிபட்ட கப்பலையும் சரக்கையும்தான் ஆங்கிலத்தில் ‘பிரைஸ்’ என்பார்கள். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகமும் லண்டன் கியூவில் இருக்கும் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகமும் சேர்ந்து 2018ல் ஆரம்பித்த வேலை, 2037 வரை போகும் என்கிறார்கள். 1652 முதல் 1815 வரை நடந்த போர்களில் பிரிட்டன் தரப்பிடம் பிடிபட்ட 35,000க்கும் மேற்பட்ட கப்பல்களின் ஆவணங்களை இதில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி வருகிறார்கள்.

இத்தனை காகிதம் தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் அன்றைய சட்டம். எதிரி நாட்டு வணிகக் கப்பலைப் பிடிக்க அரசிடம் உரிமம் வாங்கிய தனியார் கப்பல்தான் பிரைவட்டீர். உரிமம் இருக்கிறது என்பதற்காகப் பிடித்த சரக்கை உடனே விற்றுவிட முடியாது. கடல் வழக்குகளை விசாரிக்கும் அட்மிரால்டி நீதிமன்றம், இது எதிரியின் சொத்துதான் என்று தீர்ப்பு சொல்ல வேண்டும், அதற்குக் கப்பலில் கிடைத்த காகிதங்களையெல்லாம், தபால் பை உட்பட, சாட்சியமாக ஒப்படைக்க வேண்டும். அப்படி நடுவழியில் நின்றுபோன கடிதங்கள் மட்டுமே 1,60,000 வரை இருக்குமாம்.

எல்லோரும் கடிதங்களைத்தான் கொண்டாடுகிறார்கள். எனக்கு அவற்றைவிட விசாரணைத் தாள்கள்தான் பிடித்திருக்கின்றன. கேப்டனிடமும் மாலுமிகளிடமும் ஏற்கெனவே வகுத்து வைத்த அதே கேள்விகள்தான்: எந்த ஊரில் பிறந்தாய், கப்பலுக்கு யார் சொந்தக்காரர், என்ன கொடியில் வந்தீர்கள், காகிதம் எதையாவது கடலில் வீசினீர்களா? நடுநிலை நாட்டுக் கொடியைக் காட்டித் தப்பிக்கப் பார்த்த கப்பல்கள் நிறைய, அதனால் இந்தப் பதில்களில்தான் வழக்கே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கோ பிறந்து பெயர் தெரியாமல் போயிருக்க வேண்டிய ஒரு மாலுமி தன் ஊரையும் வேலையையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டிருப்பதை இங்கே படிக்க முடிகிறது, வேறு எங்கே கிடைக்கும் இது?

படங்களும் அருமை. கடிதத்தின் மடிப்பு, அரக்கு முத்திரை எல்லாம் தெரிகிற மாதிரி எடுத்திருக்கிறார்கள். சாவி, துணி மாதிரி, சீட்டுக்கட்டு என்று காகிதங்களோடு வந்த பொருள்களும் உண்டு. 1807ல் கடற்படையிடம் பிடிபட்ட ஆன்-மரீ கப்பலில் இருந்த ஒரு பார்சலை அண்மையில்தான் பிரித்தார்கள், உள்ளே வட அட்லாண்டிக்கில் இருக்கும் பரோயே தீவுகளிலிருந்து கோபன்ஹேகனில் ஒருவர் மணக்கவிருந்த பெண்ணுக்காக அனுப்பிய கம்பளிச் சட்டை.

குறை என்றால், பழைய கையெழுத்தைப் படிப்பது கஷ்டம், பிரெஞ்சு, டச்சு என்று மொழிகளும் பல. புதிதாக வருகிறவர்கள் ஏதாவது ஒரு கப்பலை எடுத்து அதன் விசாரணையை முதலில் படியுங்கள், கடிதங்கள் அப்புறம்.